உள்ளங்கைச் சூடு

எரிமலைச் சரிவில் தோண்டிய ஆழ்துளைக்குள் வெப்பமானியை இறக்கும் முன், சுகிர்தா அதை உள்ளங்கையில் பொத்தி ஒரு நிமிடம் வைத்திருப்பாள். திரையில் முப்பத்துநான்கு டிகிரி வந்து நிலைத்தால் கருவி சரி. கையைத் திறந்து கீழே விடுவாள்.

அன்று அது இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பைத் தொட்டது. திரை தொள்ளாயிரம் காட்டியது. பிறகு எண் மளமளவென்று இறங்கி முப்பத்துநான்கில் நின்றது.

“வயர் போயிடுச்சு மேடம். மேல இழுத்துடவா?” என்றார் கம்பியை ஏற்றி இறக்கும் வின்ச்சை ஓட்டும் தாவூத்.

“தொடாதீங்க. கொஞ்சம் பொறுங்க.”

சுகிர்தா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக ஒரு நிமிடம். எண் மறுபடி தொள்ளாயிரத்துக்குத் தாவியது.

துளையின் வாயில் கம்பி தொய்ந்தது. பிறகு மெல்ல மேலே வரத் தொடங்கியது. தாவூத், தான் வின்ச்சைத் தொடவில்லை என்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.