இறங்காத முள்

செந்தூலைத் தாண்டியதும் மரியதாஸ் காரில் ஏர்கோனைப் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி லூர்து அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

பெட்ரோல் எண்ணெய் மிச்சம் என்று எட்டு வருடமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டே அந்தக் குட்டிக் காரை ஓட்டிய மனுஷன். சிக்னலில் நின்றால் இன்ஜினை அணைத்துவிடுவார்.

நேற்றுதான் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் ரிப்போர்ட் வாங்கி வந்திருந்தார்.

"டாக்டர் என்னங்க சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல லா. வா, கிள்ளான் வரைக்கும் ஜாலியா போய்ட்டு வருவோம்."

"அவ்வளவு தூரமா? எண்ணெய்?"

"போனா போவுது!"

இவர் வாயிலா இந்த வார்த்தை? லூர்துவின் கை கைப்பைக்குள் ஜெபமாலையைத் தேடியது.

ஃபெடரல் ஹைவேயில் கார் பறந்தது. கிள்ளானை அடைந்ததும், பண்டமாரானில் ஒரு திடலையே சுற்றிச் சுற்றி வந்தார். லூர்து உடைந்து அழுதேவிட்டாள்.

"மறைக்காதீங்க. எத்தனை மாசம்னு சொன்னாங்க?"

"என்ன மாசம்? சுகர், பிரஷர் எல்லாம் நார்மல்!" எதிரே ஒரு வீட்டைக் காட்டினார். "அந்த வீட்டுப் பையன் நம்ம காரை வாங்குறான். சாயங்காலம் சாவி கொடுக்கணும். டேங்க்ல உள்ளதுக்குத் தனியா காசு தரமாட்டானாம். நான் வேற நேத்துத்தான் ஃபுல்லா ஊத்தினேன். சும்மா விடுவேனா?"

டேஷ்போர்டை ஓங்கித் தட்டினார். "சனியன், குடிக்கவே மாட்டேங்குது! முள் அங்கேயே நிக்குது பாரு."

லூர்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏர்கோனை முழுசாகத் திருகினாள்.

"இன்னும் தூரம் இருக்கு, ஜெஞ்சாரோமுக்கு விடுங்க."