கொடியில் ஒரு நீலச் சட்டை

கரையில் ஏறி நின்று பார்த்தேன். காய்ச்சிய பால் ஆறி ஆடை படிந்த மாதிரி கிடந்தது குளம்.

களிமண் கழுவிய வெள்ளைத் தண்ணீர். அலை இல்லை, சத்தம் இல்லை. சுற்றியிருந்த ரப்பர் மரங்களும் வெள்ளை பூசிக்கொண்டு தூங்கின. கொஞ்ச நேரம் பார்த்தால் நமக்கும் கண் சொக்கிவிடும்.

நான் சொக்குவதற்கு வரவில்லை. தனியார் களிமண் கம்பெனியின் இந்தக் கழிவு அணை எந்த அபாய வகை என்று அரசாங்கத்துக்கு முடிவு சொல்ல வந்திருந்தேன்.

அணை உடைந்தால் தண்ணீர் பாயும் இடத்தில் ஆள் குடியிருந்தால் அதிக அபாயம். கரையைப் பலப்படுத்தியே ஆகவேண்டும். யாரும் இல்லையென்றால் குறைந்த அபாயம். கசிவு இருந்தாலும் கம்பெனி நிம்மதியாகத் தூங்கலாம்.

"கீழ ஒற்ற ஆளு இல்ல மேடம். எல்லாருக்கும் டவுன்ல ஃப்ளாட் கொடுத்தாச்சு" என்றார் மேனேஜர் கைலாஷ். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது. கீழே ஓர் ஓட்டு வீடு. கொடியில் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று, நீல நிறம், மெதுவாக ஆடியது.

"அந்த எலிசாளம்மை பின்னையும் வந்தாச்சா!" கைலாஷின் களை போன இடம் தெரியவில்லை.

நான் மட்டும் இறங்கிப் போனேன். எலிசாள் எனக்காகவே காத்திருந்தவர்போல் சாயா கொண்டுவந்தார்.

"நானும் எங்க வீட்டுக்காரரு ராஜமணியும். ரெண்டு பேருண்டு" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "அவரு ஜோலிக்குப் போயிருக்காரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. கிடைத்த ஃப்ளாட்டை விட்டுவிட்டு இங்கேயா வருவார்கள்?

"அக்கா, கரை கசியறது. உடைஞ்சா ஓடக்கூட நேரம் இருக்காது. திரும்பிப் போயிடுங்கோ."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எத்தன பேரு இருந்தா கரையச் சரியாக்குவாவ?"

"ஒருத்தர் இருந்தாலே போதும்."

"அப்போ நான் ஒருத்தி மதியா?"

"போதும்."

எலிசாள் பெருமூச்சு விட்டார். கொடியிலிருந்து சட்டையை எடுத்து, ஈரத்தோடு மடித்தார்.

"பொய் சொல்லிப்போட்டேன் மேடம். ரெண்டு பேருன்னா கொஞ்சம் பலமா இருக்குமேன்னு…"

மடித்த சட்டையோடு வீட்டுக்குப் பின்னால் நடந்தார். நானும் போனேன். அங்கே சரிவு இறங்கிச் சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தில் முடிந்தது. சிலுவைகள் எல்லாவற்றிலும் வெள்ளைத் தூசி. ஒன்று மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

அதில் ராஜமணி என்று எழுதியிருந்தது.

எலிசாள் சிலுவையைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் எப்படியும் ஓடிருவேன் மேடம். இவரால ஓட முடியாதுல்லா."