பாட்டு முடியட்டுங்க

அந்தத் தாலாட்டை நிறுத்த மிளகு வியாபாரி மருதாசலம் முதலில் ஓரணா சொன்னார். பழனாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பலாக் கிளையில் சேலைத் தூளி அசைந்தது, பாட்டும் நீண்டது.

"மானம் கறுக்குது, சென்றாயா. மிளகை எடுத்து நிறுத்துப் போடு. மழைக்கு முந்திக் கழுதைகளை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு எறக்கோணும்."

பழனாயியின் புருஷன் சென்றாயன் வேலியோரம் மண்வெட்டியோடு நின்றிருந்தான். காலடியில் முழங்கால் ஆழக் குழி. நடுவதற்குக் கன்று எதையும் காணோம்.

"அவ பாட்டு முடியட்டுங்க."

"புள்ளதான் தூங்கிருச்சேப்பா?"

"தூங்கிருச்சுங்க."

"அப்பறம் யாருக்கு இந்தக் கச்சேரி?"

அவன் குனிந்து குழிக்குள் கிடந்த ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டான். தாய் பாடி முடிக்கும்வரை தூளியில் யாரும் கைவைக்கக் கூடாதென்பது அந்த ஊர் வழக்கம், மருதாசலத்துக்கும் தெரியும். தூளிக்கும் மிளகு மூட்டைக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் விளங்கவில்லை.

"ரெண்டணா தாரேன் கண்ணு. கொஞ்சம் மூச்சு வாங்கு."

மலையேறினால் விலை இறங்கும் என்பது அவர் தொழில் பாடம். இங்கே அவர் விலைதான் ஏறிக்கொண்டிருந்தது.

தெரிந்த பாட்டெல்லாம் காலையிலேயே தீர்ந்திருக்க வேண்டும். கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்துப் பிடித்துப் பாட்டாக்கினாள். எறும்பு வந்தது, கழுதை வந்தது, கடைசியில் அவரே வந்தார்.

"தராசு கொண்டு மாமன் வந்தார் – என் கண்ணே
தங்கமுன்னை நிறுக்க வந்தார்..."

மருதாசலம் சிரித்துவிட்டார். "அட, கையிருப்பே இல்லாமக் கடை நடத்துறாளே! வெள்ளி நாலணா, இந்தா. மாராப்பெல்லாம் பால் நனையுது பாரு, புள்ளைய எழுப்பிக் குடு தாயி."

அவள் குரல் கம்மியது. அடுத்த அடி கிடைக்காமல் நின்றாள். கண்கள் முற்றமெல்லாம் தேடின. சென்றாயன் மண்வெட்டிக் காம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

தூளியின் மேல் ஒரு துளி மழை விழுந்தது. பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"மூணு துளி மழை விழுந்தா – என் கண்ணே
முந்தானை கூரையாகும்..."

"எட்டணா!" என்றார் மருதாசலம். "பாட்டை நிறுத்தச் சொல்லப்பா, அவ்வளவுதான் நான் கேக்கறது!"

சென்றாயன் அருகில் வந்தான். நீட்டிய அவர் கையை மெல்ல மூடிவிட்டான்.

"காசை உள்ள வைங்க சாமி. பாட்டு நின்னா, புள்ளையக் குழியில வெக்கோணுங்க."