பங்காளி ஃப்யூஸ்

மாட்டுத்தீவனக் கடையைச் சாத்திவிட்டுத் திருக்கழுக்குன்றத்திலிருந்து மொபெட்டில் வந்த சடையப்பன், வாய்க்கால் முனையில் திரும்பினார். எதிரே அவர் வீடு மட்டும் பொசுக்கென்று இருண்டது. ஒட்டினாற்போல் இருந்த தம்பி ஜெகதீசன் வீட்டில் டியூப்லைட் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"வெச்சிட்டான் பாரு வேலைய," என்று பல்லைக் கடித்தார்.

ஒரு வாரமாக இதே கூத்து. போதாத குறைக்கு முனையிலிருந்த பஞ்சாயத்து லைட்டும் கண்ணை மூடிவிட்டது. போன வருஷம் இதே முனையில் இருட்டில் வாய்க்காலுக்குள் விழுந்து, காலில் பிளேட் வைத்துக்கொண்டு வந்தவர் அவர். அதற்குப் பிறகுதான் பஞ்சாயத்துக்குப் புத்தி வந்து லைட் போட்டார்கள். தம்பி என்று ஒருத்தன் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கரண்ட் போகும் தொல்லை புது சுவிட்ச் மாட்டியதிலிருந்து ஆரம்பித்தது. அதற்கு முன்தினம் கிரைண்டரைத் தொட்ட அவர் மனைவி துர்காதேவியை ஷாக் தூக்கி அடித்துவிட்டது. பிழைத்ததே மறுபிறவி. எலக்ட்ரீஷியன் முனிசாமியைக் கூப்பிட்டு, அப்பா காலத்து ஃப்யூஸ் போர்டில் ஆர்.சி.சி.பி. மாட்டச் சொன்னார். கரண்ட் எங்கே கசிந்தாலும் கண் இமைப்பதற்குள் விழுந்து ஆளைக் காப்பாற்றும் சுவிட்ச் அது. விழத்தான் செய்தது, தினமும், அவர் வந்து சேரும் நேரம் பார்த்து.

மறுநாள் காலை முனிசாமி வந்து கிரைண்டர் முதல் மோட்டார் வரை சோதித்தான். கிரைண்டருக்குப் புது வயர் போட்ட பிறகு வீட்டில் எங்கும் கசிவில்லை. கடைசியில், போர்டின் ஓரத்தில் தனியாக இருந்த பீங்கான் ஃப்யூஸ் கட்டையைத் தட்டிக் காட்டி, இது யாருடையது என்று கேட்டான்.

அதைப் பார்த்தாலே சடையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வரும். பாகம் பிரித்தபோது தன் பக்கத்துக்குப் புது மீட்டர் வாங்கிக்கொண்ட தம்பி, இந்த ஒரு கட்டையை மட்டும் விடவில்லை. பழைய மாட்டுக் கொட்டகை லைனாம். வாய்க்கால் முனைக் கொட்டகையே இடிந்து மண்ணாகிவிட்டது, கட்டைக்கு மட்டும் என்ன வேலை? பங்காளிக் காய்ச்சல், வேறென்ன என்று பொருமினார்.

"லைன் அவரு மீட்டர்லேர்ந்து வருது, கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் மட்டும் உங்க போர்டு வழியா போவுது. அவரு அத்த போட்டாருன்னா, கசிவுன்னு நெனச்சி இந்த சுவிட்ச் விழும், அதுவும் சேந்து அணைஞ்சிடும்," என்றான் முனிசாமி. "அவரு வூட்டாண்ட போயி, அதுல இன்னா மாட்டிகீறாருன்னு கேட்டுகினு வரட்டா?"

"அவன் வாசப்படிய மிதிச்சே, அப்புறம் என் வூட்டுப் பக்கம் வராத."

கேட்டால்தான் என்ன, கூடப் பிறந்தவன்தானே என்றாள் துர்காதேவி. கிணற்றுப் பங்குக்காக அப்பா கருமாதியிலேயே சட்டையைப் பிடித்தவனிடம் போய்க் கேட்பதா? அன்றோடு பேச்சு அறுந்தது அறுந்ததுதான் என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஒரு வேலை செய்தார். முனைக்கு முன்னாலேயே வண்டியை அணைத்து, சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வந்தார். வீடு அணையவில்லை. கிரைண்டர் ஓடுகிறது, டி.வி. பாடுகிறது.

"பாத்தியாடி, என் வண்டி சத்தத்துக்குக் காத்துகினு கீறான்! நான் வூட்டுக்குள்ள வெளிச்சத்துல நுழையக் கூடாதாம் அவனுக்கு."

துர்காதேவி கையைப் பிடித்துத் தடுத்தாள். அவர் உதறிவிட்டுப் போர்டுக்குப் போனார். அந்தக் கட்டையைப் பிடுங்கிக் கொண்டுபோய், சண்டைக்குக் காரணமான அதே கிணற்றில் விட்டெறிந்தார். சனியன் விட்டது. அன்று சோறு இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

மறுநாள் இருட்டும் நேரம். முனை வருவதற்கு முன்பே ஆக்சிலேட்டரை முறுக்கி, ஹாரனை வேறு அழுத்தினார். நன்றாகக் கேட்கட்டும் அவனுக்கு.

வீடு அணையவில்லை. கல்யாண வீடு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. சடையப்பனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இப்ப இன்னா பண்ணுவ?" என்று தம்பி வீட்டு ஜன்னலைப் பார்த்தார். முனை கும்மிருட்டாக இருந்தது. அந்த ஒரு கணத்தில் முன்சக்கரம் கரையை விட்டு நழுவியது.

வாய்க்கால் சேற்றில் விழுந்து கிடந்தார். பிளேட் வைத்த கால்மேல் வண்டி. கையூன்றித் தள்ளிப் பார்த்தார், அது அசையவில்லை.

யாரோ டார்ச்சோடு தலைதெறிக்க ஓடி வந்து, சேற்றில் குதித்து, வண்டியைத் தூக்கி எறிந்து அவரை மார்போடு வாரி எடுத்தார்கள். டார்ச் வெளிச்சம் திரும்பியபோதுதான் அது ஜெகதீசன் என்று தெரிந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் அவன் பேசிய முதல் பேச்சு:

"தினமும் உன் வண்டி சத்தம் கேட்டதும், கொட்டகை லைன்ல நான் மாட்டுன இந்த முனை லைட்டப் போட்டுகினுதான்ணா கீறேன்... ஒரு வாரமா எரிய மாட்டேங்குது."