சிவப்புப் பொட்டு, நீலப் பொட்டு

"இது இடதா வலதா? அதை மட்டும் சொல்லும்மா, போதும்."

பேராசிரியர் அன்றைக்கு இந்தக் கேள்வியைக் கேட்டது பத்தாவது தடவையா பதினோராவது தடவையா என்று இப்போது திட்டமாகச் சொல்ல முடியவில்லை. நினைவு அப்படித்தான். அவர் குரலில் பொறுமை தீர்ந்திருந்தது மட்டும் நிச்சயம்.

கால்நடை மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் கூடம். வாய்மொழித் தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்தவர் அவர். மேஜைமேல் மாட்டின் தொடை எலும்புகள். வழக்கமாகத் தேர்வுக்கு வைப்பவை ஏதோ கண்காட்சிக்குப் போய்விட்டதால், பரண்மேல் பல வருடமாகக் கிடந்த மரப்பெட்டியை ஆய்வுக்கூட உதவியாளர் முந்தின நாள்தான் இறக்கித் துடைத்து, பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்திருந்தார்.

காலையிலிருந்து வந்தவர்கள் எலும்பை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டி, தயங்காமல் பதில் சொன்னார்கள். அத்தனையும் தப்பு. இடதை வலது என்றார்கள், வலதை இடது என்றார்கள். அவரும் தொண்டைத் தண்ணீர் வற்ற ஒவ்வொருவருக்கும் விளக்கினார்.

"மாட்டுக்குப் பின்னாடி நின்னு பாக்குறதா நினைச்சுக்கணும். எலும்போட உருண்டை முனை மேல இருக்கணும், கீழ் முனைப் பள்ளம் முன்னாடி பாக்கணும், உருண்டை சாயுறது உடம்புப் பக்கம். பள்ளத்தை உன் பக்கம் திருப்பினா எல்லாம் தலைகீழாயிடும். உங்க மாடெல்லாம் பின்பக்கமாவா நடக்குது?"

இப்போது எதிரே நிற்பவள் கடைசி மாணவி. இரண்டு முறை தவறியவள். இந்தத் தடவையும் போனால் படிப்பையே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவள் எலும்பை ஒழுங்காகத்தான் பிடித்தாள். உதடுகள் ஏதோ கணக்குப் போட்டன. பிறகு அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். முகம் மாறியது.

"இடது, சார்."

அது வலது. பேராசிரியர் பேனாவை மூடி வைத்தார்.

"கண்ணை மூடிக்கிட்டு உளறினாக்கூட பாதிப் பேருக்குச் சரியா வந்திருக்கும். ஒருத்தர் விடாம தப்பாச் சொல்றதுக்குத் தனியா படிச்சிருக்கணும்மா."

அவள் எலும்பின் அடிப்பக்கத்தை மறுபடியும் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு வலதுன்னுதான் சார் பட்டுச்சு. ஆனா பொட்டு இடதுன்னுது."

"எந்தப் பொட்டு?"

காட்டினாள். கீழ் முனையின் இரண்டு புடைப்புகளுக்கு நடுவே, மிளகளவு சிவப்பு நகப்பூச்சு. வேறு சிலவற்றில் நீலம். பெட்டி மூடியின் உள்பக்கம் யாரோ பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்களாம்: சிவப்பு இடது, நீலம் வலது. நேற்றுச் சாயங்காலமே விடுதி முழுக்கப் பரவிவிட்டதாம்.

பேராசிரியருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பள்ளத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு பெட்டி எலும்புக்கும் பொட்டு வைத்த மகாபுத்திசாலி எவன் என்று கேட்டார். அவன் இன்றைக்கு எங்கே இருந்தாலும் பிடித்து வந்து இதே மேஜைமுன் நிறுத்துவேன் என்றார். பதினோரு பேர் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டானே என்று பொருமினார்.

உதவியாளர் பெட்டியின் மூடியைக் கழற்றி, தோள் துண்டால் தூசி தட்டி, மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். பேராசிரியர் குனிந்து படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு மூடியைக் கவிழ்த்து வைத்தார்.

மறுவாரம் பதினோரு பேருக்கும் வேறு எலும்புகளை வைத்து மறுதேர்வு நடந்தது. ஒன்பது பேர் தேறினார்கள், அந்தப் பெண்ணும் தேறினாள். உதவியாளர் பெட்டியை மறுபடியும் பரணில் ஏற்றினார். பொட்டு வைத்த அந்த மாணவனோ, தன் பொட்டுகளையே நம்பி அதே கூடத்தில் ஒரு தடவை தோற்று, அடுத்த தடவை தேறி, பேராசிரியராகி, வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்து, மூடியைப் படித்த அன்று எல்லோரும் வெளியேறிய பிறகு கைக்குட்டையை எச்சிலில் நனைத்துத் தன் கையெழுத்தைத் தானே அழித்துக்கொண்டிருந்தார்.