ஒற்றைக் கண்

எத்தியோப்பியாவின் கோண்டார் நகரத்து ஓவியர்கள் நல்லவர்களை நேர்முகமாக, இரண்டு கண்களோடு வரைவார்கள். கெட்டவர்களைப் பக்கவாட்டில், ஒற்றைக் கண்ணோடு வரைவார்கள். தேவாலயத்துக்கான தோல் புத்தகத்தில், புனிதரின் காலடியில் தன்னையும் நண்பன் மெர்ஷாவையும் நேர்முகமாக வரைந்தான் பிரு. அந்தப் புத்தகத்தின் எழுத்து முழுவதும் மெர்ஷா எழுதியது.

மறுநாள் காலையில் மெர்ஷாவின் முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. பிரு அதைச் சுரண்டிவிட்டு மறுபடி இரண்டு கண் வைத்தான். அடுத்த நாளும் ஒரு கண்தான் இருந்தது.

“டேய், என் மூஞ்சி மேல உனக்கு என்னடா கோபம்?” என்று மெர்ஷா சிரித்தான்.

“உன்னைப் போய் அப்படி வரைவேனாடா?” என்ற பிரு, புத்தகத்தை அப்படியே மூடிவைத்தான்.

அந்த வாரமே தலைமைக் குரு அவனை அழைத்தார். “சூனியக்காரங்களுக்குப் பேய்ப் படம் போட்டுக் குடுக்கிறியாமே? மெர்ஷா சிலுவை மேல சத்தியம் பண்ணிட்டான்.”

“நேத்துகூட எனக்குச் சோறு ஊட்டிவிட்டானே சாமி!”

அருகில் நின்ற மெர்ஷா தரையைப் பார்த்தான். பிரு ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தான்.

“அவன் யாருன்னு இந்தப் படமே சொல்லும், பாருங்க சாமி.”

குரு பக்கத்தை விரித்தார். படத்திலிருந்த மெர்ஷா இரண்டு கண்களாலும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே படத்தில் அவனருகே பிரு, ஒற்றைக் கண்ணோடு திரும்பியிருந்தான். வண்ணம் என்றோ காய்ந்திருந்தது.