ஒரு கீறல்கூட இல்லை

"வண்டியை நானே திருப்பி நிறுத்தட்டுங்களா பாய்?"

"வேண்டாங்க, வேண்டாங்க! நீங்க எறங்குங்கம்மா, நான் பாத்துக்கறேன்."

மெஹராஜ் பாய் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். வந்த வேகத்தில், வாசலில் நின்ற தன் ஸ்கூட்டரை நாலடி தள்ளி நிறுத்திவிட்டுத்தான் அந்த அம்மாளுக்குக் கதவையே திறந்துவிட்டார்.

கணபதி பகுதியில் அவருடைய டிங்கரிங் பட்டறைக்கு முப்பது வயது. வந்து நின்ற வெள்ளை மாருதிக்கு இருபத்தேழு. இடது பக்க ஹெட்லைட் நொறுங்கி, அதை ஒட்டிய தகரம் உள்ளே அமுங்கிக் கிடந்தது. இறங்கிய ராசாத்தாளுக்கு அறுபது இருக்கும். அழுத கண்கள் இன்னும் சிவப்பாகவே இருந்தன.

"எங்க ஊட்டு கேட்டுத் தூணுங்க. காத்தால திருப்பறப்ப இடிச்சுப்போட்டேன்."

"இது... மில்லு சூப்பர்வைசர் நஞ்சுண்டன் சார் வண்டிதானுங்களே?"

"ஆமாங்க. அவரு தவறி ஒரு வருசமாச்சு. இங்க நல்லா செய்வாங்கன்னு பக்கத்து ஊட்டுல சொன்னாங்கன்னு வந்தேன். உங்களுக்கு அவரைத் தெரியுமுங்களா?"

"டீக்கடையில... அப்பப்ப பாப்பேனுங்க," என்று பாய் காதைச் சொறிந்தார். பொய் சொல்ல வராத மனுஷன்.

பேச்சை மாற்ற, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். "சேஸிஸ் வளையலைங்கம்மா. ரெண்டு நாள் வேலைதான். பயப்படாதீங்க."

எழுந்தவர் பழக்க தோஷத்தில் பையிலிருந்து காந்தத்தை எடுத்துவிட்டார். பழைய வண்டி எது வந்தாலும் அப்படித்தான். தகரத்தில் காந்தம் ஒட்டும். அடிபட்டு, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து மறைத்த இடத்தில் ஒட்டாது. பானெட்டில் ஒட்டியது. பின்கதவில் வைத்தார், விழுந்தது. டிக்கி மூலையிலும் விழுந்தது.

"ஏனுங்க, கீழ கீழ உழுகுது?"

"காந்தம் பழசாயிருச்சுங்கம்மா," என்று சட்டென்று அதைப் பைக்குள் போட்டார்.

ராசாத்தாள் அதற்கு மேல் கேட்கவில்லை. வண்டியின் கூரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது இந்த வண்டி மேல உழுந்த மொத அடிங்க பாய். அவரு இருந்த வரைக்கும் ஒரு கீறல்கூட இல்லை. தாராபுரத்துல எங்கம்மா ஊட்டுக்குப் போறப்ப வழி முச்சூடும் தூங்கிக்கிட்டே போவேன், அப்பிடி ஓட்டுவாரு. எதுக்க வாரவனைப் பாத்து, 'இவனுக்கெல்லாம் எவன் லைசென்சு குடுத்தான்'னு திட்டிக்கிட்டே ஓரங்கட்டுவாரு. ஊடு வந்து சேந்ததும் சாவியை ஆணியில மாட்டிப்போட்டு, 'எங்காச்சும் கீறல் இருக்குதா பாரு அம்மணி'ம்பாரு. அதுல அவருக்கு ஒரு பெருமைங்க."

பாய் இருமினார்.

"வண்டி மேல உசுருங்க அவருக்கு. அடிக்கொருக்கா பாலிசுக்கு உட்டுப்போட்டு வாரேன்னு காத்தால எடுத்துக்கிட்டுப் போவாரு. பொழுதோட புதுசாட்டம் வந்து நிக்கும்." அவள் அமுங்கிய தகரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பேர்ப்பட்டவரு வச்சிருந்த வண்டியை நான் இப்பிடிப் பண்ணிப்போட்டேன். காத்தாலிருந்து அவரு போட்டோவை நிமிந்து பாக்க முடியலைங்க. சரி பண்ணிக் குடுங்க, வித்துப்போடறேன். இனி ஸ்டியரிங்கையே தொட மாட்டேன்."

விற்பதா? பாய்க்கு மனசு கேட்கவில்லை. அவருக்கும் நஞ்சுண்டன் சாரை ரொம்பப் பிடிக்கும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவருக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது. ஆனால் ஒரு பொம்பளை இப்படி மனசொடிந்து நிற்கும்போது வாக்காவது ஒன்றாவது.

"உக்காருங்கம்மா. சாரு என்னை மன்னிக்கட்டும்." அவரும் எதிரே உட்கார்ந்தார். "இது மொத அடி இல்லீங்க. பன்னெண்டாவது."

"என்னங்க சொல்றீங்க?"

"பதினோரு தடவை இதே பட்டறைக்குத்தான் கொண்டாந்தாரு. மொத தடவை பின்கதவு ஒடுங்கியிருந்துச்சு. 'ஊட்டுக்காரி இடிச்சுப்போட்டாளுங்க பாய். இடிச்சதே அவளுக்குத் தெரியாது, பாவம். தெரிஞ்சா மனசு உட்டுப்போயிரும். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுக் குடுங்க, வெளிய மூச்சு உட்டுப்போடாதீங்க'ன்னாரு. ஒவ்வொரு தடவையும் அதேதாங்க. பெயிண்டு காயற வரைக்கும் இந்த ஸ்டூல்லயே உக்காந்திருப்பாரு. வாங்கி வச்ச டீ ஆறிப்போயிரும்."

ராசாத்தாள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொண்டாட்டியை இப்பிடித் தாங்கற மனுசனை நான் பாத்ததில்லீங்கம்மா. என் சம்சாரத்துகிட்டயே சொல்லியிருக்கேன். ஒரு நாளாச்சும் உங்களைக் குத்தமா ஒரு வார்த்தை பேசியிருப்பாரா? இல்லீங்க! அவருக்காகவாச்சும் இந்த வண்டியை விக்காதீங்க. நீங்க எத்தனை தடவை இடிச்சாலும் நான் சரி பண்ணித் தாரேன்."

ராசாத்தாளின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பாய் பதறிப்போய்த் தண்ணீர்ச் சொம்பை எடுத்து வந்தார். கிட்டத்தில் வந்து பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் வந்த சிரிப்பு, லேசில் நிற்கவில்லை.

"விக்கலைங்க பாய், நானே ஓட்டிக்கறேன்," என்றாள் மூச்சு வாங்க. "அவரு உசுரோட இருந்த வரைக்கும் என்னை அந்த ஸ்டியரிங்கைத் தொடவே உட்டதில்லீங்க. நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டே மூணு மாசந்தானுங்க ஆச்சு!"